எட்டங்குலத் தட்டில் 214-பி

214-பி குவார்ட்டர்ஸ் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தது.

ரயில்வேக்காரர்கள் இடித்துத் தள்ளி முப்பது வருஷம் ஆன வீடு. இருந்தாலும் பார்க்க நன்றாகவே இருந்தது. சிவப்புச் செங்கல், இடையில் வெள்ளைக் கோடு, பச்சை ஜன்னல். அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், ஏழாம் எண் கட்டத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே ஒடுங்கி நின்றது. அந்தக் கட்டம் குணவதிக்கு உரியது. அவளிடம் கார் இல்லாததால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டு, ஒரு வீடு வந்திருக்கிறது, மேலே அனுப்பவா என்று கேட்டார். லிஃப்டில் கொள்ளாது என்று சொல்லிவிட்டு குணவதி தானே இறங்கி வந்தாள்.

குணவதிக்கு ஐம்பத்து நான்கு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். வீட்டைப் பார்த்து அவள் பெரிதாக மலைத்துப் போகவில்லை. திருச்சியில் அந்த வருஷம் இதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. எதிர் ஃப்ளாட்காரருக்குப் போன மாதம் அவருடைய பழைய டியூஷன் சென்டர் வந்து, நான்கு நாள் தங்கி, பின்னப் பெருக்கல் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது.

மலைக்க வைத்தது வேறு. வீட்டு வாசல்படியில் அவள் அக்கா தவமணி நின்றுகொண்டிருந்தாள். நீல வாயில் புடவை. இருபத்திரண்டு வயது.

"ஏன்டி இவ்ளோ நேரம்?" என்றாள் தவமணி. பிறகு தங்கையின் நரைத்த தலையைப் பார்த்தாள். "தலைக்கு எண்ணெயே வெக்கிறதில்லையா நீ?"

"வெக்கிறேன்க்கா" என்றாள் குணவதி. பொய். அக்காவிடம் பொய் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று நினைத்ததும் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது.

தவமணி எண்பத்தாறாம் வருஷம் மஞ்சள் காமாலையில் போனவள். குணவதி அன்றைக்குப் பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுதப் போயிருந்தாள். சமூக அறிவியல். படுத்தபடியே 'நல்லா எழுது' என்று சொல்லி அனுப்பினதும் தவமணிதான். பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பரீட்சை எழுதுகிற பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மணி அடித்து வெளியே வந்த பிறகும் பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து அப்படியே பஸ் ஏற்றி மணப்பாறையில் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சொன்னது நான்காம் நாள். இரண்டு மாதத்தில், ரயில்வேயில் இருந்த அப்பாவுக்கு விழுப்புரம் மாற்றலாகி, சாமான்கள் லாரியில் நேராக அங்கே போய்விட்டன. பேனாவும் அட்டையுமாக 214-பியை விட்டு இறங்கியவள் பிறகு அந்தப் படி ஏறவே இல்லை.

இதையெல்லாம் அவள் தவமணியிடம் சொல்லவில்லை. வந்தவர்களிடம் முதல் நாளே பேசுகிற பேச்சா அது.

சிறிது நேரத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மருதமுத்து விதிமுறைப் புத்தகத்தோடு வந்தார். விருந்தாளிகள் ஏழு நாள் தங்கலாம், வீடுகளும் அதில் அடக்கம் என்றார். அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணி கெடு. அதற்குப் பிறகும் வீடு நிற்க வேண்டுமானால் அரசாங்கச் சான்று வேண்டும். சான்று வரும்வரை உள்ளே இருப்பவர்கள் வெளியே வரலாம். வெளியே இருப்பவர்கள் உள்ளே போகக் கூடாது. படி வரைக்கும் அனுமதி. குணவதி படியில் உட்கார்ந்தாள். தவமணி உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். சிக்கரி தூக்கலான காபி. அந்த ருசிக்காகவே எந்த ஆபீஸ் படியையும் ஏறி இறங்கலாம் என்று குணவதி தீர்மானித்தாள்.

ஆபீஸ் விஷயத்தில் அவளுக்கு ஒரு பலம் உண்டு. அவள் கணவர் செல்லப்பா மூன்று வருஷமாக ஒரு கியூவில் நிற்கிறார். எதற்கான கியூ என்று அவருக்குத் தெரியாது. முன்னால் இருப்பவரைக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறார். சாப்பாட்டு வேளைக்கு மட்டும் இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். ஊரில் எந்த வரிசையிலும் அவருக்கு ஒரு சிநேகிதர் இருப்பார். புதன்கிழமை இடித்த வீடுகள் பிரிவுக்கு குணவதி போனபோது, வரிசையின் தலைமாட்டில் செல்லப்பாவின் இன்னொரு துண்டு அவளுக்காக நின்றுகொண்டிருந்தது.

அலுவலர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு மேலேயும் நாற்காலியிலும் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. குணவதி குனிந்து பேசினாள்.

"வீட்டோட போட்டோ இருக்கு சார்."

"போட்டோ மங்கிடும்."

"ரேஷன் கார்டு?"

"கிழிஞ்சிடும்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஆயிரம் டிகிரியில் சுட்டதுதான் சான்று என்று விளக்கினார். எட்டங்குலப் பீங்கான் தட்டு. வீட்டாள் கையால் வரைந்திருக்க வேண்டும். தட்டில் இருப்பது இருக்கும். தட்டில் இல்லாதது திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் போய்விடும்.

"ஆளுங்க?" என்று கேட்டாள் குணவதி.

"ஆளுங்களும் அப்படித்தான்."

குணவதி ஜென்மத்தில் படம் போட்டதில்லை. வாசலில் கோலம் போட்டாலே புள்ளிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும். பீங்கானில் வரையும் வகுப்பு ஒன்று மிக்ஸி ரிப்பேர்க் கடைக்கு மேல் மாடியில் நடக்கிறது என்று அலுவலரே விலாசம் கொடுத்தார்.

வியாழக்கிழமை போனாள். மாடியில் ஒரு நடை, அதன் கோடியில் வகுப்பு. புதிதாகச் சேருபவர்களுக்கு நடை நீளம். கை பழகப் பழகக் குறையும். அன்றைக்குக் குணவதிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாதி வழியில் ஒரு பெஞ்சும் டீக்கடையும் இருந்தன. வருமான வரித்துறையில் ஓய்வு பெற்ற வரதராஜன் என்பவர் இரண்டே எட்டில் அவளைத் தாண்டிப் போனார். அவர் பதினோரு வருஷமாக ஒரே கிண்ணத்தில் ஒரே மீனை வரைகிறார். மீன் இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்குப் போகிறதாம்.

ரெஜினா டீச்சர் குட்டையான, உரத்துப் பேசுகிற பெண்மணி. ஒரு முறை சுட்ட, இன்னும் மெருகேற்றாத தட்டு ஒன்றைக் குணவதி கையில் வைத்தார். சாக்பீஸ் மாதிரி வெளுப்பாக இருந்தது. தொட்டவுடன் விரலின் ஈரத்தைக் குடித்தது.

"மூணு கோட் போடணும்மா. ஒண்ணு காஞ்ச பிறகு அடுத்தது. ஒரே கோட்ல விட்டீங்கன்னா சூளைல திட்டுத் திட்டா போயிடும்."

"சரிங்க டீச்சர்."

"கலரப் பாத்து ஏமாறாதீங்க. இந்த ஊதா சுட்டா நீலமாயிடும். சாம்பல் மாதிரி இருக்கே, இது பச்ச. கண்ண நம்பாதீங்க, டப்பால இருக்கற பேர நம்புங்க."

"சரிங்க."

"பென்சில்ல போட்டுக்கிட்டு மேல வண்ணம் குடுக்கலாம். ஆனா வண்ணம் குடுக்காம விட்ட பென்சில் சூளைல எரிஞ்சிடும். ஒரு கோடு மிஞ்சாது. சேர்றவங்க எல்லாரும் இதுலதான் கோட்ட விடுவாங்க."

குணவதி மூன்றையும் கைப்பையில் இருந்த ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு செங்கல்லில் ஆரம்பித்தாள். தூரிகையில் வண்ணம் அதிகம் எடுத்தால் குளம் கட்டியது. குறைத்து எடுத்தால் தட்டு உறிஞ்சிக்கொண்டு கோடு பாதியில் நின்றது. ஈரப் பஞ்சால் துடைத்தால் தடம் போகவில்லை. மத்தியானத்துக்குள் சுவர் எழும்பிவிட்டது. ஜன்னல்தான் இடதுபக்கம் சாய்ந்துவிட்டது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது கார் நிறுத்துமிடத்தில் 214-பியின் ஜன்னலும் இடதுபக்கம் சாய்ந்திருந்தது.

"என்னமோ ஆயிடுச்சு, இப்ப மூடவே மாட்டேங்குது. பரவால்ல, காத்து வருது" என்றாள் தவமணி.

குணவதி தட்டை நினைத்துப் பார்த்தாள். தட்டில் போடுவது போட்டபடி ஆகிறது. ஜன்னல் கோணினால் காற்று வரும். அக்காவின் மூக்கு கோணினால் என்ன வரும்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் வீட்டைச் சுற்றியிருந்ததையெல்லாம் போட்டாள். துணி காயப்போடும் கம்பி. குழாயடி. அப்பாவின் காக்கிச் சட்டை மாட்டியிருந்த ஆணி. மழைக்காலத்தில் சுவரில் இலங்கை மாதிரி பூக்கும் ஈரம். போடப் போட ஞாபகம் வந்தது, ஞாபகம் வர வரத் தட்டில் இடம் போதவில்லை. அக்காவும் அவளும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுவதற்குள் யார் எழுந்து தண்ணீர் பிடிப்பது என்று சண்டை போட்ட காலைகள் நினைவுக்கு வந்தன. சண்டையில் எப்போதும் தோற்று எழுந்து போவது அக்காதான். சங்குச் சத்தத்தை எப்படிப் போடுவது என்று டீச்சரைக் கேட்டாள்.

"மஞ்சள்ல ஓரமா ஒரு கோடு இழுத்துருங்க" என்றார் டீச்சர்.

இழுத்தாள். அன்று மாலை ஐந்துக்குக் கார் நிறுத்துமிடத்தில் சங்கு ஊதியது. குடியிருப்பில் நான்கு பேர் வேலை முடிந்தது என்று நினைத்துக் குளிக்கப் போய்விட்டார்கள்.

அக்கா மட்டும் பாக்கி. வாசலில் நிற்கிற மாதிரி பென்சிலில் போட்டாள். முகம் புளியங்கொட்டை அளவுதான் வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். வகிடு நேரா, கோணலா? மூன்று நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவளுக்கு அது தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷமாகத் தினமும் நினைத்தவளுக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஏழு தடவை போட்டு ஏழு தடவை அழித்தாள். எட்டாவது தடவை போட்டதை அழிக்க மனசு வரவில்லை. வண்ணம் கொடுக்கத் தைரியமும் வரவில்லை. தூரிகையை வாசல்வரை கொண்டுபோவாள், திரும்பிவிடுவாள்.

"நாளைக்கு ஆறு மணிக்குச் சூளை மூடிருவேன்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் விளக்குகளை அணைத்தார்.

சனிக்கிழமை காலை அவள் தவமணியைக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். நடையைத் தவமணி இரண்டு எட்டில் கடந்தாள். குணவதி பின்னால் ஓடி வந்து சேர இருபது நிமிஷம் ஆயிற்று.

அந்தக் காலத்தில் இவள் பள்ளி ரெக்கார்டு நோட்டில் இருந்த படங்கள் அத்தனையும் அக்கா போட்டவைதான். செம்பருத்திப் பூவின் வெட்டுத் தோற்றத்துக்குப் பத்துக்குப் பத்து வந்தது. டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்து, கை கழுவிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்து போட்டுக் கொடுப்பாள். ஐம்பத்து நான்கு வயதிலும் அந்தப் பழக்கம் விட்டபாடில்லை. குணவதி தட்டையும் தூரிகையையும் அக்காவிடம் நீட்டினாள்.

"எனக்கு வரலக்கா. ஒன்ன நீயே போட்டுக்கோ."

தவமணி தட்டை வாங்கினாள். கோணல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். பென்சிலில் நின்றிருந்த தன்னையும் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்க. நீ பாத்தா எனக்குக் கை ஓடாது."

குணவதி திரும்பிக்கொண்டாள். வரதராஜனின் மீன் இங்கிலீஷ் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கோட் போட்டாள், ஊதினாள், காத்திருந்தாள். இரண்டாவது போட்டாள். மூன்றாவது போட்டாள். நடுவில் இரண்டு தடவை இவளைத் திரும்பச் சொல்லி முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்று என்றாள், வேண்டாம் போட்டுக்கொள் என்றாள். எதற்கென்று இவள் கேட்கவில்லை. ஆறு மணிக்கு டீச்சர் தட்டை மெருகுக் கரைசலில் முக்கி எடுத்தார். தட்டு முழுக்க வெள்ளைப் பூச்சு மூடிக்கொண்டது. வீடும் தெரியவில்லை, வாசலும் தெரியவில்லை. இனி சுட்டால்தான் தெரியும் என்று சூளைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

குணவதிக்கு அப்பாடா என்று இருந்தது. வேலை ஆயிற்று, அக்கா இருப்பாள் என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள். காலையிலிருந்து இருட்டும்வரை இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். செல்லப்பா வந்து, தன்னை விட முப்பத்தைந்து வயது சின்னவளான மைத்துனியைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்கண்ணி" என்று சொல்லிவிட்டுக் கியூவுக்குப் போனார். ஆள் தேவலைடி என்றாள் தவமணி. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்பா எப்போது போனார், அம்மா கடைசியில் என்ன சாப்பிட்டாள், இவள் ஏன் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை, டெலிபோனில் ஊர்க்காரர்கள் பேசுவதையெல்லாம் ஒட்டுக் கேட்டாளா. குணவதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தவமணி அவள் தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, நரைமுடியை இரண்டாக வகிர்ந்து, இறுக்கிப் பின்னிவிட்டாள். நெற்றி வலித்தது. அந்த வலியைக் குணவதி அவிழ்க்காமல் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் சூளை திறந்தார்கள். தட்டு இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. ஊதா நீலமாகியிருந்தது, சாம்பல் பச்சையாகியிருந்தது, செங்கல் செங்கல்லாகவே இருந்தது. நன்றாகத்தான் வந்திருந்தது. குணவதி வாசலைப் பார்த்தாள்.

பென்சிலில் இருந்த அக்காவைக் காணோம். அந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மேல்படியில், மூக்குக் கண்ணாடி போட்ட, நரைத்த தலையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். புளியங்கொட்டை அளவு முகம். அதில் கண், மூக்கு, கொஞ்சம் சிரிப்பு எல்லாம் சுத்தமாக இருந்தன.

"நீங்கதாம்மா இது. அச்சு அசலா வந்துருக்கீங்க" என்றார் டீச்சர்.

"இத மாத்தணும் டீச்சர்."

"சுட்டதம்மா இது."

"இன்னொரு தட்டு?"

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். சூளை சூடேற ஒரு நாள், ஆற ஒரு நாள். கெடுவுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. குணவதி தட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினாள். மிக்ஸிக் கடைக்காரர் மழையா என்று கேட்டார்.

அலுவலர் ஏற்கெனவே கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டிருந்தார். உட்கார மேஜை இல்லாததால் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். தட்டை வாங்கி வீட்டோடு ஒப்பிட்டார். சுவர் சரி, கம்பி சரி, ஜன்னல் கோணல், அதுவும் சரி. வாசலில் ஒரு ஆள். குணவதியை நிமிர்ந்து பார்த்து, நீங்கள்தானே என்று கேட்டார். அவள் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவர் இன்னொரு தரம் தட்டைப் பார்த்துவிட்டு, கண்ணாடிகூடப் பொருந்துகிறதே என்று முத்திரையைக் குத்தினார். வீடு இனி நிற்கலாம். அந்தப் பெண்மணி அதில் இருக்கலாம். மற்றவர்கள் ஐந்து மணிக்கு. சொல்லிவிட்டு அடுத்த காருக்கு அடியில் உருண்டு போனார்.

தவமணி வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தாள். தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். நேர் வகிடு.

"ஏன்க்கா இப்பிடிப் பண்ணே? ஒன்ன வெச்சுக்கணும்னுதானே நான் இவ்ளோ பாடுபட்டேன்."

"என்ன எப்பிடிடி வெச்சுக்குவே? நான் செத்தது எனக்குத் தெரியாமயா இருக்கும்?"

ஒரு வாரமாகக் குணவதி எதைச் சொல்லாமல் காப்பாற்றினாளோ அது அங்கே படியில் கிடந்தது.

"பரீட்சை எழுதப் போனவ வீட்டுக்கே வரலியே" என்றாள் தவமணி. "அதான் ஒன்னப் போட்டேன். பள்ளிக்கூடத்துலேருந்து நேரா எங்கியோ கூட்டிட்டுப் போயிட்டாங்க. யாரும் ஒன்ன அழக்கூட விடல."

"எனக்குச் சொல்லவே இல்லக்கா."

"தெரியும்டி. அதான் இந்தத் தடவ நானே சொல்லிட்டுப் போறேன்."

அவள் ஒரு படி இறங்கினாள். தங்கையின் பின்னலைச் சரி செய்தாள்.

"போறேன்டி" என்றாள்.

அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. அடுத்த தெருவுக்கு மோர் வாங்கப் போனாலும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்வார்கள். தப்பித் தவறிப் போறேன் என்று சொன்னால் அம்மா வாயில் போடுவாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லுக்கா."

தவமணி தங்கையின் கன்னத்தைத் தொட்டாள். எண்ணெய் வாசனை அடித்தது. "போறேன்" என்றாள் மறுபடியும், மெதுவாக.

"சரி" என்றாள் குணவதி.

சங்கு ஊதியது. தவமணி கார்களுக்கு நடுவே நடந்து, சரிவில் ஏறி, கேட்டைத் தாண்டினாள். வாட்ச்மேன் எழுந்து நின்றார். தெருவில் நல்ல வெயில் இருந்தது. நீலப் புடவை மருந்துக் கடை வரைக்கும் தெரிந்தது, பிறகு பஸ் நிறுத்தம் வரைக்கும் தெரிந்தது, அதற்குப் பிறகு தெரியவில்லை. குணவதி கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி உள்ளே போனாள். சிமெண்ட் தரை சில்லென்று இருந்தது. நடுக்கூடத்தில் உட்கார்ந்து, பதினாறு வயதுப் பெண் அழுகிற மாதிரி, சத்தம் போட்டு அழுதாள். சாய்ந்த ஜன்னல் மூடாததால் குடியிருப்பு முழுக்கக் கேட்டது. யாரும் புகார் செய்யவில்லை. அழுது முடிக்க ஆறரை மணியாயிற்று. இருட்டிக்கொண்டு வந்தது. அவள் எழுந்து முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, வீட்டுக்கு விளக்குப் போட்டாள்.